வெட்டுனதில்ல, வெடிச்சது

உக்காருங்கண்ணே. அந்த ஸ்டூல் வேணாம், ஆயில் ஒட்டும், வேட்டி வீணாப் போயிரும். இதுல உக்காருங்க. உங்க ஹோஸ் பிரஸ் பண்ண அரை மணி நேரம் ஆகும், கரண்டு இப்பத்தான் வந்துச்சு.

ஹோஸுக்கு மட்டும் நீங்க வரலன்னு எனக்குத் தெரியுதுண்ணே. புது ஜேசிபி வண்டி எடுத்திருக்கீங்க, ஓட்ட ஆள் தேடுறீங்க. சூசைமாணிக்கத்தக் கேளுங்க, நல்ல கைன்னு யாரோ சொல்லியிருப்பாங்க. அவன் வேணாம், முதலாளியவே கவுத்தவன்னு இன்னொருத்தர் சொல்லியிருப்பாரு. அந்தச் சூசைமாணிக்கம் நான்தான். ரெண்டு பேரு சொன்னதும் காதுல இருக்கட்டும். நான் சொல்றதையும் கேட்டுக்கோங்க. அப்புறம் உங்க இஷ்டம்.

பதினோரு வருஷம் வைரவன் முதலாளிகிட்ட ஓட்டுனேன். கம்மாய் தூர் வாரியிருக்கேன், ரோடு போட்டிருக்கேன், கல்யாண மண்டபத்துக்குக் கடகால் தோண்டியிருக்கேன். ஒரு நாள் வண்டி ஒர்க் ஷாப்புல நின்னதில்ல. காலையில போனதும் மொத வேலை, வண்டியச் சுத்தி ஒரு ரவுண்டு வருவேன். டயரு, ஆயிலு, பின்னு, ஹோஸு. பல் விளக்குற மாதிரி. அத முடிக்காம சாவியப் போடமாட்டேன்.

வீரைக்குடி உங்களுக்குத் தெரியும்ல? குவாரிக்கு இந்தப் பக்கம் இருக்கு. ஊருக்கு மேக்க பன்னண்டு ஏக்கரு காடு, வீரையடி அய்யனாரு காடு. எனக்கு மரம் மட்டையெல்லாம் ஒண்ணும் தெரியாதுண்ணே. நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். எனக்கும் அந்தச் சாமிக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. குவாரி லாரியெல்லாம் ஊரச் சுத்தி மூணு கிலோமீட்டரு போவுது. காட்டுக்குள்ள நேராப் பாதை விட்டா நெடுஞ்சாலைய உடனே பிடிச்சிரலாம். பாதை போடுற வேலைய எங்க முதலாளி எடுத்திருந்தாரு. கணக்குல அது புறம்போக்குன்னு இருக்காம். ஊர்க்காரங்க கோர்ட்டுக்குப் போயிட்டாங்க.

பங்குனி மாசம், ஒரு வியாழக்கிழமை. முதலாளி விடிஞ்சதும் போன் பண்ணாரு. கேஸு இன்னைக்கு எடுக்குறாங்களாம், மத்தியானத்துக்குள்ள ஆர்டரு வந்தாலும் வரலாம், அதுக்குள்ள பாதை விழுந்திரணும்னாரு. மரம் போயிட்டா அப்புறம் எந்தக் கோர்ட்டு எதத் தடுக்கும்னு கேட்டாரு. நான் சரின்னேன். ஏழு மணிக்கெல்லாம் வண்டியோட போயிட்டேன்.

நான் போறதுக்கு முன்னாடியே பொம்பளைங்க உக்காந்திருக்காங்க. ஒரு நாப்பது பேரு இருப்பாங்க. காட்டு வாசல்ல வரிசையா, சத்தம் போடாம. ஆம்பளைங்க பின்னால நிக்கிறாங்க. ஆம்பளைங்க முன்னால நின்னா கலவரம்னு கேஸு போடுவாங்க, அதனால பொம்பளைங்க முன்னால உக்காந்துக்கிட்டாங்களாம். அதெல்லாம் பின்னாடி தெரிஞ்சுக்கிட்டது. இன்ஸ்பெக்டரு பத்துப் பன்னண்டு போலீஸோட வேப்பமர நிழல்ல நின்னாரு. முதலாளி கார்ல இருந்தாரு.

நான் எறங்கி வழக்கம்போல ரவுண்டு வந்தேன். பக்கெட்டு மாட்டுன பூமைத் தூக்க ஆயிலு போற ஹோஸு, அது முனையில இருக்குற இரும்புக் காலர்கிட்ட ஈரம். தொடச்சேன், திரும்ப ஒரு சொட்டு வந்து நின்னுச்சு. கசிவு. அப்படி இருந்தா ஓட்டக் கூடாதுண்ணே, ஹோஸ மாத்திட்டுத்தான் ஓட்டணும். ஸ்பேரு டூல் பாக்ஸுல இருந்துச்சு. நானே வாங்கி வச்சது. முக்கால் மணி நேர வேலை.

மாத்தல.

ஏன்னு கேக்காதீங்க. முதலாளி கார்லேருந்து கைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு, அவசரப்படுத்துனாரு, அதனாலன்னு வச்சுக்கோங்க.

கேபின்ல ஏறப் போறேன், அந்த வரிசையிலேருந்து ஒரு அம்மா எந்திரிச்சு வந்துச்சு. அம்மான்னா என் வயசுதான், நாப்பத்தஞ்சு இருக்கும். பேரு அடைக்கி. அன்னைக்கு எனக்குப் பேரு தெரியாது. வந்து எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு.

"தம்பி, உள்ள வர்றதுன்னா செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க."

பாத்துக்கோங்க. ஏழெட்டு டன்னு இரும்பக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கேன். காட்டப் பேர்க்கப் போறேன். அத விட்டுட்டு செருப்பச் சொல்லுது. எனக்கு சிரிப்பு வரணும், வரல. கழட்டி வேப்பமரத்தடியில விட்டுட்டு வெறுங்காலோட ஏறுனேன். சாமிக்கு மரியாதை எல்லாம் இல்லண்ணே. வம்பு வேணாம்னுதான்.

எட்டரை மணிக்கு போலீஸ் தூக்க ஆரம்பிச்சாங்க. ஒருத்தரைத் தூக்கி இருபதடி தள்ளி உக்கார வைப்பாங்க, அடுத்த ஆளைத் தூக்கத் திரும்புறதுக்குள்ள மொத ஆளு சுத்தி வந்து பழைய எடத்துல உக்காந்துரும். யாரும் வைய்யல, யாரும் அடிக்கல. அந்தக் காட்டு எல்லைக்குள்ள கெட்ட வார்த்தை பேசக் கூடாதாம். இப்படியே ஒன்றரை மணி நேரம். நான் எஞ்சினை ஓடவிட்டுட்டு உக்காந்திருந்தேன். வெயிலு. பெடலு கால்ல சுட்டுச்சு. கண்ணு அந்த ஹோஸுலயே இருந்துச்சு. சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன்.

பத்தரை இருக்கும். ஊர்ப் பூசாரி கருப்பையா வேளாரு கோர்ட்டுக்குப் போயிருந்தவரு, அவருகிட்டேருந்து அடைக்கிக்குப் போன் வந்துச்சு. தடை குடுத்துட்டாங்களாம். அந்தம்மா போனைத் தூக்கிக்கிட்டு இன்ஸ்பெக்டருகிட்ட ஓடுச்சு. அவரு போனைக் காதுல வச்சுக் கேட்டாரு. கேட்டுட்டு, வாய்ல சொன்னா நான் எப்படி நிறுத்துறது, ஆர்டரு பேப்பரு வரட்டும்னாரு. பேப்பருல கையெழுத்தாகி வர மத்தியானம் ஆகும்னு வக்கீலு சொன்னாராம். அதுவரைக்கும் நிறுத்துங்கன்னு அந்தம்மா கேட்டுச்சு. அது என் கையில இல்லம்மான்னு சொல்லிட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவருக்கு மேல எத்தன பேரோ.

முதலாளி கார்லேருந்து எறங்கி எங்கிட்ட வந்தாரு. கேபின் படியில ஏறி நின்னு, மாணிக்கம், இப்ப விட்டா விட்டதுதான்னாரு. இந்த வேலை முடிஞ்சா புது வண்டி உனக்குத்தான்னும் சொன்னாரு. சொல்லிட்டு எறங்கிட்டாரு.

போலீஸு இந்தத் தடவ நாலு பக்கமும் கயிறு கட்டி எல்லாரையும் ஒரு ஓரமா ஒதுக்கிட்டாங்க. முன்னால பாதை காலி. நான் வண்டிய எடுத்தேன்.

எடுத்தேன், மறைக்கல. ஓரத்துல இருந்த புதரு, கொடி, காசாஞ்செடி, எல்லாத்தையும் பக்கெட்டால வழிச்சேன். பத்தடி உள்ள போயிட்டேன். வெளிய அந்த வெயிலு, உள்ள போனதும் சட்டுன்னு குளுந்துருச்சு. கிணத்துக்குள்ள எறங்குன மாதிரி. தரை தெரியல, முழங்கால் ஒசரத்துக்கு எலைச் சருகு. அங்க விழுந்த குச்சியக்கூட யாரும் அடுப்புக்கு எடுக்க மாட்டாங்களாம், விழுந்தது விழுந்த எடத்துலயே மக்கணும்னு கட்டுப்பாடு. எத்தன வருஷத்துச் சருகோ. வண்டி அதுல ஏறுனதும் ஒரு வாடை வந்துச்சு பாருங்க. மழை பேஞ்ச அன்னைக்குக்கூட எங்க ஊர்ல அப்படி ஒரு மண் வாடைய நான் மோந்ததில்ல.

அப்புறம் ஒரு மரம். வீரை மரம். அடிமரம் முழுக்கக் குழி குழியா, முறுக்கிப் பிழிஞ்ச துணி மாதிரி இருக்கும். ரெண்டு பேரு கை கோத்தாலும் கட்ட முடியாது. வேருல பக்கெட்ட மாட்டித் தூக்குனா சாஞ்சிரும்னு நெனச்சேன். மாட்டுனேன். தூக்குறேன், வரல. வண்டி பின்னால எந்திரிக்குது.

இந்த எடத்துல எந்த ஆப்பரேட்டரும் லிவரை விட்டுக் குடுப்பான். உங்களுக்கே தெரியும். வேரு பிடிச்சு நிக்கிறப்ப முழுசா இழுத்தா பிரஷரு பூரா ஹோஸுல போய் உக்காரும். அதுவும் கசியிற ஹோஸு. பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

நான் விட்டுக் குடுக்கல. கடைசி வரைக்கும் இழுத்தேன்.

வேணும்னு செஞ்சியான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலண்ணே. கை விட்டுக் குடுக்கல, அவ்வளவுதான். அந்த நேரம் பாத்து அடைக்கி கயித்துக்கு அடியில நொழஞ்சு ஓடி வந்திருக்கு. எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. மரத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். பட்டுன்னு ஒரு சத்தம், துப்பாக்கி வெடிச்ச மாதிரி. ஆயிலு வானத்துக்கு அடிக்குது. பூம் அப்படியே எறங்குது. எறங்குற பக்கெட்டுக்கு அந்தப் பக்கம் செவப்பா ஒரு சேலை. அப்பத்தான் பாக்குறேன்.

நாலடி. பக்கெட்டு விழுந்த எடத்துக்கும் அந்தம்மா காலுக்கும் நாலே அடி.

நான் குதிச்சு எறங்கி ஓடுனேன். உசுரு இருந்துச்சு. ஆனா சூடா ஆயிலு வலது கையில, முழங்கையிலேருந்து விரலு வரைக்கும். அந்தம்மா கத்தல. கையப் பிடிச்சுக்கிட்டு மரத்துல சாஞ்சு, "மரம் நிக்குதா?"ன்னு எங்கிட்டதான் கேக்குது. நிக்குதும்மான்னேன்.

ஊர்ல இன்னைக்கும் என்னப் பாத்தா கையெடுத்துக் கும்புடுறாங்க. அய்யனாரே என் கையில ஏறி நின்னாருன்னு சொல்றாங்க. நாலடின்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியாதுண்ணே. அது எனக்குத்தான் தெரியும்.

அந்தம்மாவ ஆட்டோவுல ஏத்தி அனுப்புனாங்க. முதலாளி வண்டியச் சுத்திப் பாத்தாரு, எவ்வளவு நேரமாகும்னாரு. ஹோஸு மாத்தணும்னேன்.

"ஸ்பேரு இருக்குல்ல?"

"இல்ல முதலாளி."

டூல் பாக்ஸு மேலதான் உக்காந்திருந்தேன். சாவி சட்டைப் பையில. பதினோரு வருஷத்துல அவருகிட்ட சொன்ன மொதப் பொய்யி. அவரு என் மூஞ்சியக் கொஞ்ச நேரம் பாத்தாரு. பாத்துட்டு, காரை அனுப்பி டவுன்லேருந்து வாங்கிட்டு வரச் சொன்னாரு. போக ஒரு மணி, வர ஒரு மணி. நான் உக்காந்த எடத்த விட்டு நகரல. தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கல. எந்திரிச்சா யாராவது தெறந்து பாத்துருவாங்களோன்னு. கயித்துக்கு அந்தப் பக்கம் பொம்பளைங்க என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த ரெண்டு மணி நேரம் மாதிரி ஒரு நேரத்த நான் வேற எங்கயும் கழிச்சதில்ல.

கார் திரும்பி வந்துச்சு. ஹோஸ மாட்டிக்கிட்டு இருக்கேன், ஒரு நட்டு பாக்கி. வேணும்னு மெதுவாத்தான் மாட்டுனேன், அதுக்கு மேல மெதுவா மாட்ட முடியல. அப்ப வேளாரு பைக்குல பின்னால உக்காந்து வந்து எறங்குனாரு, கையில பேப்பரோட. மணி ஒண்ணே முக்கால். இன்ஸ்பெக்டரு வாங்கிப் படிச்சாரு. ரெண்டு தடவ படிச்சாரு. படிச்சுட்டு, வண்டிய வெளிய எடுப்பான்னு எங்கிட்டச் சொன்னாரு.

அதோட முடிஞ்சிருந்தா நான் இன்னைக்கும் அவருகிட்டதான் ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன்.

மறுநாள் வைரவன் முதலாளி கம்ப்ளைண்டு குடுத்துட்டாரு. பொம்பளைங்க அரிவாளால ஹோஸ வெட்டிட்டாங்க, வண்டியச் சேதப்படுத்திட்டாங்கன்னு. பதினோரு பொம்பளைங்க பேரு. மொதப் பேரு அடைக்கி. கையில ஆயிலு இருக்கே, அதுதான் சாட்சியாம். வெட்டுனவ மேலதானே ஆயிலு அடிக்கும்னு எழுதியிருந்தாங்க. இந்தக் கேஸு எடுபட்டுச்சுன்னா கோர்ட்டுல அவங்க பக்கம் கெட்டுப் போயிரும், தடையும் போனாலும் போயிரும்னு வக்கீலு பயந்தாராம்.

சாட்சிக் கையெழுத்துக்கு என்னக் கூப்பிட்டாங்க. போறதுக்கு முன்னால முதலாளி வீட்டுக்கே வந்தாரு. வெட்டுனதப் பாத்தேன்னு ஒரு வரி போதும் மாணிக்கம், புது வண்டி அடுத்த வாரம் வருதுன்னாரு. தணிவாத்தான் சொன்னாரு. அவரு போனதும் எம் பொண்டாட்டி ஆரோக்கியமேரி, அந்தம்மா கைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா. வெந்துருச்சுன்னேன். ரெண்டு பொண்ணுங்களுக்கும் சோறு போட்டா, எனக்கும் போட்டா. நான் சாப்புட்டேன்.

ஸ்டேஷனுக்குப் போறப்ப ஒரு சாக்குப் பையில அந்த வெடிச்ச ஹோஸக் கொண்டு போனேன். ஸ்பேரையும் போட்டுக்கிட்டேன். ஏன் போட்டுக்கிட்டேன்னு அப்ப எனக்கே தெரியாது. வாசல் பெஞ்சுல அடைக்கி உக்காந்திருக்கு, கை முழுக்கக் கட்டு. கூடப் பத்துப் பேரு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போயிட்டேன்.

முதலாளி உள்ள நாற்காலியில இருக்காரு. இன்ஸ்பெக்டரு பேப்பரைத் தள்ளி, படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுன்னாரு. படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. எல்லாம் சரி, அந்த ஒரு வரி மட்டும் சரியில்ல. நான் வெடிச்ச ஹோஸ எடுத்து மேசையில வச்சேன்.

"வெட்டுனா வாயி நேரா இருக்கும் சார். இது பாருங்க, கம்பி பூரா வெளிப் பக்கமா விரிஞ்சிருக்கு. இது வெட்டுனதில்ல, வெடிச்சது. உள்ளேருந்து."

அவரு கையில எடுத்துத் திருப்பிப் பாத்தாரு. ஏன் வெடிச்சதுன்னாரு.

"காலையிலயே கசிஞ்சுச்சு சார். தெரிஞ்சேதான் ஓட்டுனேன்."

"மாத்த வேண்டியதுதானே? ஸ்பேரு இல்லையா?"

பையிலேருந்து எடுத்து அதையும் மேசையில வச்சேன். "இருந்துச்சு சார்."

முதலாளி எந்திரிச்சுட்டாரு. ஸ்பேரை எடுத்துப் பாத்தாரு, அதுல சீல் கூடப் பிரிக்கல. திரும்ப வச்சுட்டு வெளிய போயிட்டாரு. பதினோரு வருஷம்ணே. எம் பெரிய பொண்ணுக்கு மொத நாள் பள்ளிக்கூடத்துக்கு அவரு கார்லதான் கூட்டிட்டுப் போனோம். அத நெனச்சா இப்பவும் ஒரு மாதிரிதான் இருக்கு.

எழுதிக் குடுடான்னாரு இன்ஸ்பெக்டரு. எழுதிக் குடுத்தேன். அவங்க மேல இருந்த கேஸு எடுபடல. எம் மேல கவனக்குறைவுன்னு ஒண்ணு போட்டாங்க, அது இன்னும் கெடக்கு. நான் அவங்களுக்காகப் பேசலண்ணே. ஊரு அப்படித்தான் சொல்லுது, நீங்களும் அப்படித்தான் கேள்விப்பட்டிருப்பீங்க. வண்டி விஷயத்துல எனக்குப் பொய் எழுத வராது. அவ்வளவுதான்.

எட்டு மாசம் ஆச்சு. வைரவன் முதலாளி நாலா பக்கமும் சொல்லிட்டாரு, எவனும் வண்டி குடுக்கல. இந்தக் கடையில ஹோஸு பிரஸ் பண்றேன். லாரி பழையபடி ஊரச் சுத்தித்தான் போவுது. கேஸு இன்னும் நடக்குது, காடு நிக்குது. நான் வழிச்ச பத்தடியில இப்ப காசாஞ்செடி முழங்காலுக்குத் துளுத்திருச்சு. நடுவுல வெட்பாலையும் ஒண்ணு ரெண்டு வருது. அந்த வீரைக்கு மட்டும் ஒரு பக்கத்து வேரு போச்சு, அந்தப் பக்கத்துக் கெளை கொஞ்சம் வாடியிருக்கு. இந்த மழை முடிஞ்சா தேறும்னு வேளாரு சொல்றாரு.

எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? சொல்றேன், அதையும் சொல்லித்தான் ஆகணும், ஏன்னா அது உங்க வேலையில வரும்.

அந்த ஊர்ல நூத்தியெண்பது வீடு. தெனம் ஒரு வீடு காட்டுக்குக் காவல். விடிஞ்சதுலேருந்து பொழுது சாயிற வரைக்கும் ஒரு ஆளு போய் உள்ள சுத்தி வரணும். ஆடு நொழஞ்சா வெரட்டணும், எவனாவது கத்தியோட வந்தா ஊருக்குச் சொல்லணும், சீமைக்கருவைக் கன்னு எங்க மொளச்சாலும் வேரோட பிடுங்கணும். சம்பளமெல்லாம் கெடையாது. சித்திரையில அடைக்கி வீட்டு முறை வந்துச்சு. அந்தம்மா தனி ஆளு, புருஷன் இல்ல. கை அப்பத்தான் ஆறிக்கிட்டு இருக்கு, விரலு மடங்கல. கருவைக் கன்ன எப்படிப் பிடுங்கும்? மேரிதான் விசாரிச்சுட்டு வந்து சொன்னா. கையச் சுட்டது நான். அதனால நான் போய் அந்த ஒரு நாளைப் பாத்துட்டு வந்தேன். கடனக் கழிச்சாச்சுன்னு நெனச்சேன்.

ஐப்பசியில வீரைக்குடியிலேருந்து ஆளு வந்து முறை சொல்றாங்க. அடைக்கி வீட்டு முறையச் சொல்ல வந்தீங்களான்னேன். அந்தம்மா முறை நேத்தே முடிஞ்சது, அவங்களே பாத்துக்கிட்டாங்க, இது உங்க முறைன்னாங்க. ஊர்க் கூட்டத்துல எழுதிட்டாங்களாம், நூத்தியெண்பத்தொண்ணாவதா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல பாருங்க. நான் வேற ஊருக்காரன், வேற சாமி கும்புடுறவன், எனக்கென்ன தலையெழுத்தா? நல்லாச் சண்டை போடணும்னுதான் போனேன். போன எடத்துல தெக்கு ஓரத்துல கருவைக் கன்னு நாலு மொளச்சிருந்துச்சு. ஆளு இல்லாட்டி பத்து நாள்ல முள்ளு வச்சிரும், அப்புறம் பிடுங்க முடியாது. சரி, பிடுங்கிட்டுப் பேசுவோம்னு எறங்குனேன். பொழுது சாஞ்சிருச்சு.

இந்தாங்க, உங்க ஹோஸு ஆயிருச்சு. காலரை நல்லாப் பாத்துக்கோங்க, ஒரு சொட்டு ஈரம் தெரிஞ்சாலும் நிறுத்திருங்க.

வண்டிய நான் ஓட்டுறேண்ணே. சந்தோஷமா ஓட்டுறேன். ஞாயித்துக்கிழமை கூட வர்றேன், சர்ச்சுல பூசைய முடிச்சுட்டு வந்துருவேன். ஆனா வருஷத்துல ரெண்டு நாளு மட்டும் லீவு வேணும். சித்திரையில ஒரு நாளு, ஐப்பசியில ஒரு நாளு. தேதிய முன்கூட்டியே சொல்லிருவேன். அன்னைக்கு எவ்வளவு அவசர வேலையா இருந்தாலும் என்னக் கூப்பிடாதீங்க.